அகிலா உட்கார ஒரு மடி

ஜனவரி 4

இன்று தும்மினேன். விலா எலும்பு முறிந்துவிட்டது.

எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. சிரித்தால் வலிக்கிறது, அதனால் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். மாடிப்படியில் உருண்டான், பஸ் இடித்தது என்றால் அதில் ஒரு கௌரவம் உண்டு. எனக்கு மிளகாய் வற்றல் தாளித்த நெடியில் ஒரே ஒரு தும்மல். இடது அக்குளுக்குக் கீழே 'டிக்' என்று அப்பளம் உடைகிற மாதிரி ஒரு சத்தம். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மருந்துக்கடைக்காரர் புது வருஷத்துக்குக் கொடுத்த டைரி இது. நான் அவர் கடையில் வாங்கின மருந்துக்கு ஒரு ஸ்கூட்டரே கொடுத்திருக்கலாம். முதல் பக்கத்தில் சொந்த விவரம் கேட்கிறது. எழுதுகிறேன். பஞ்சாபகேசன், வயது அறுபத்துமூன்று, படிப்பு எஸ்.எஸ்.எல்.சி. திருச்சியில் ஒரு சினிமா தியேட்டரில் டிக்கெட் கொடுத்து ரிட்டயர் ஆனவன். கை மட்டும் நுழைகிற ஓட்டைக்குப் பின்னால் உத்தியோகம். அந்த ஓட்டை வழியாகப் பணம் வரும், கெட்ட வார்த்தை வரும், பீடிப் புகை வரும். டிக்கெட் மட்டும் வெளியே போகும், மற்றதெல்லாம் உள்ளேயே தங்கிவிடும். வாழ்நாளில் ஒரு சிகரெட் தொட்டதில்லை. முந்தின வருஷம் இடது நுரையீரலில் கேன்சர் என்றார்கள். ரேடியேஷன் என்று கரன்ட் வைத்தார்கள். கட்டி அடங்கிவிட்டது. அடங்கின கட்டியைக் கும்பிட்டுக்கொண்டு காலம் தள்ளுகிறேன்.

சிகரெட் பிடித்தவன் என் தம்பி ஜம்புநாதன். மூன்று வயது சின்னவன், பி.காம்., பாங்க் ஆபீசர். காலேஜ் நாளிலிருந்து ஒளிந்து ஒளிந்து ஊதினவன். போன மாதம் செக்கப் செய்துகொண்டான். நுரையீரல் பளிங்கு மாதிரி இருக்கிறதாம். சந்தோஷம்தான். எனக்குப் பொறாமை எல்லாம் கிடையாது. மேலே கவுண்ட்டரில் யாரோ டிக்கெட்டை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

இன்று என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனதும் அவன்தான். காரில் ஏற்றும்போது ஒரு பூனைக்குட்டியைத் தூக்குகிற மாதிரி தூக்கினான். கோமதி, "ஜம்புவுக்கு என்ன தெம்பு பாருங்கோ!" என்றாள். புருஷன் எலும்பு உடைந்து கிடக்கிற நேரத்தில் ஒரு பெண்டாட்டி பார்க்க வேண்டியது அதுதான்.

ஜனவரி 6

இரண்டு நாள் பயந்ததை எழுதவில்லை. எழுதினால் நிஜமாகிவிடும் என்று ஒரு நினைப்பு. எலும்பு தானாக உடைந்தால் கேன்சர் எலும்புக்குப் போய்விட்டது என்று அர்த்தம் என யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அப்படி இல்லையாம். ஸ்கேனைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா சொன்னார். "கேன்சர் இல்ல சார். இது ரேடியேஷனோட வேலை. கட்டியைச் சுடப் போற வழியில விலா எலும்பும் இருந்துச்சு இல்லையா? எலும்புக்கு ரத்தம் கொண்டு போற சின்னச் சின்னக் குழாயெல்லாம் மெல்ல மெல்லச் சுருங்கிடும். எலும்பு உள்ளுக்குள்ளயே காஞ்சு போயிடும். உடனே தெரியாது, ஒரு வருஷம், ரெண்டு வருஷம் கழிச்சுத் தெரியும். நுரையீரல் வீக்கத்துக்கு ஸ்டீராய்டு வேற சாப்பிட்டீங்க, அதுல முதுகெலும்பும் மெலிஞ்சிருக்கு. அதுல ஒரு எலும்பு லேசா அமுங்கியிருக்கு."

"வீட்டைக் காப்பாத்த வந்த ஃபயர் சர்வீஸ் கதவை உடைச்ச மாதிரின்னு சொல்லுங்கோ."

"அதேதான்," என்று சிரித்தார். கனம் தூக்கக் கூடாது, குனியக் கூடாது, தும்மல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தும்ம வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பிறகு முக்கியமானதைக் கேட்டேன்.

"அடுத்த மாசம் என் பொண்ணை மடில உட்கார வெச்சுக்கணும். வெச்சுக்கலாமா?"

"குழந்தைக்கு எத்தனை வயசு?"

"இருபத்தெட்டு."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஜம்புதான் விளக்கினான். எங்கள் வழக்கத்தில் பெண்ணை அப்பா மடியில் உட்கார வைத்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் மாப்பிள்ளை எதிரே நின்று தாலி கட்டுவான். பிப்ரவரி ஒன்பதாம் தேதி அகிலாவுக்குக் கல்யாணம்.

"வேற யாராவது உட்காரலாமா?"

"அப்பாவால முடியலைன்னா சித்தப்பா உட்காரலாம்," என்றான் ஜம்பு. கொஞ்சம்கூட யோசிக்காமல் சொன்னான். பாடம் ஒப்பிக்கிற பையன் மாதிரி.

"அப்ப பிரச்சினை இல்ல," என்றார் டாக்டரம்மா.

யாருக்குப் பிரச்சினை இல்லை?

ஜனவரி 7

கோமதி ஒரு வார்த்தை சொன்னாள்: "ஜம்புவும் கௌசல்யாவும் பாவம். அவாளுக்கும் ஒரு கன்னிகாதானம் பண்ணின பலன் கிடைக்கட்டுமே."

அவர்களுக்குக் குழந்தை இல்லை. இதுவரை எத்தனையோ கோவில், எத்தனையோ டாக்டர். எனக்கும் அவர்கள்மேல் இரக்கம் உண்டு. அதற்காக என் மடியையா கொடுப்பார்கள்?

ஜனவரி 15

பொங்கல். ஜம்பு வந்து பரணிலிருந்து வெண்கலப் பானையை ஒற்றைக் கையால் இறக்கினான். எதற்கு ஒற்றைக் கை? இன்னொரு கை சும்மாதானே இருந்தது?

சாப்பிட்டு முடித்தபோது கல்யாண வாத்தியார் நாகராஜ கனபாடிகள் வந்தார். விஷயத்தைக் கேட்டு, "பேஷா சித்தப்பா பண்ணலாம். பலன் ரெண்டு பேருக்கும் உண்டு," என்றார். கௌசல்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். நான் மட்டும், "இன்னும் நாள் இருக்கு. ஊசி போடப்போறா. எலும்பு கெட்டிப்படும்," என்றேன்.

"அண்ணா, நீ எப்படிச் சொல்றியோ அப்படி," என்றான் ஜம்பு. இவனிடம் எனக்குப் பிடிக்காதது இதுதான். சண்டை போட ஒரு பிடி கொடுக்க மாட்டான்.

ஜனவரி 17

எலும்புக்கு ஊசி போட வேண்டும் என்று பல் டாக்டரிடம் அனுப்பினார்கள். அந்த ஊசியால் தாடையெலும்பு கெடக்கூடுமாம், முதலில் பல்லைச் சரி பார்க்க வேண்டுமாம். எலும்பைக் காப்பாற்றும் ஊசி இன்னொரு எலும்பைக் கடிக்கும் போலிருக்கிறது. பல் டாக்டர் சொத்தைப் பல் ஒன்றைப் பிடுங்கினார். ஆறட்டும், பிறகு ஊசி என்கிறார்கள். கல்யாணத்துக்குள் ஆறுமா என்று கேட்டேன். வாயில் பஞ்சு இருந்ததால் அவருக்குப் புரியவில்லை.

ஜனவரி 20

அகிலா வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறாள். கல்யாணம் ஆனதும் புனேக்குப் போய்விடுவாள். இருக்கிற நாளில் காலையில் எனக்குக் காபி ஆற்றிக் கொடுத்துப் பேசிக்கொண்டிருப்பாள். ஒரு வாரமாக அது நின்றுபோனது. விடிந்ததும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஜம்பு வீட்டுக்குப் போய்விடுகிறாள்.

"தினம் அங்க என்னடி வேலை?"

"சித்தப்பாவோட ஒரு வேலை இருக்குப்பா."

"என்னோட இல்லாத வேலையா?"

"ஆமா," என்றாள். வேர்த்துக் கொட்டியிருந்தாள். தொடையைப் பிடித்துவிட்டுக்கொண்டே உள்ளே போனாள்.

ஒத்திகை பார்க்கிறார்கள். வேறென்ன? என் பெண் என் தம்பி மடியில் உட்கார்ந்து பழகிக்கொண்டிருக்கிறாள். புது மடி அல்லவா, பழக்கம் வேண்டாமா?

ஜனவரி 23

நானும் ஒத்திகை பார்த்தேன்.

கோமதி பத்திரிகை கொடுக்க உறையூர் போயிருந்தாள். மளிகைக்கடை சவரிமுத்து அரிசி கொண்டுவந்தான். இருபத்தைந்து கிலோ மூட்டை. அகிலா இதைப்போல மூன்று மூட்டை இருப்பாள் (இந்தப் பக்கத்தை அவள் படிக்கக் கூடாது). ஒரேயடியாக வேண்டாம், முதலில் மூன்றில் ஒரு பங்கு அகிலா என்று தீர்மானித்தேன்.

"மூட்டைய எங்க சார் வைக்க?"

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, "என் மடில வைய்யா," என்றேன்.

சவரிமுத்து என்னைப் பார்த்தான். மூட்டையைப் பார்த்தான். "அம்மா இல்லீங்களா சார்?" என்றான்.

"அம்மா எதுக்கு? வைன்னா வை."

வைத்தான். போய்விட்டான். நல்லதுதான். உடம்பு தாங்கியது. தொடைக்கு ஒன்றுமில்லை. நான் என்ன பைத்தியமா, தொடையெலும்புக்கா கரன்ட் வைத்தார்கள்? கொஞ்ச நேரம் கம்பீரமாக உட்கார்ந்திருந்தேன். மந்திரம் தெரிந்த மட்டும் சொன்னேன்.

மூட்டையை இறக்குவது எப்படி என்று அப்போதுதான் தோன்றியது. கனம் தூக்கக் கூடாது. குனியக் கூடாது. எழுந்தால் மூட்டை விழும், மூட்டையோடு நானும் விழுவேன். கொஞ்சம் முன்னால் தள்ளிப் பார்த்தேன். பிறகு தள்ளவில்லை.

கோமதி வரும் வரை அரிசியை மடியில் வைத்துக்கொண்டு டி.வி.யில் ஒரு சமையல் நிகழ்ச்சி பார்த்தேன். வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னன்னா இது?"

"அரிசி."

"அது தெரியறது. ஏன் உங்க மடில இருக்கு?"

"எறும்பு வரது," என்றேன்.

ஒன்றும் ஆகவில்லை.

ஜனவரி 24

வலி இல்லை. படுத்தே இருக்கிறேன்.

ஜனவரி 25

வலி இல்லை. சாய்வு நாற்காலியில் தூங்கினேன். ஒரு மாறுதலுக்காக.

ஜனவரி 27

இன்னொரு விலா. முதல் எலும்புக்கு அடுத்தது.

"என்ன சார் தூக்கினீங்க?" என்றார் டாக்டரம்மா.

"தூக்கலை. தள்ளினேன்."

கோமதி எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள். சவரிமுத்து தெருமுனை வரை சொல்லிவிட்டானாம். "பஞ்சு சார் அரிசிய மடில வெச்சுக் கொஞ்சிக்கிட்டிருந்தாரு" என்று. டாக்டரம்மா சிரிக்கவில்லை. இனி இப்படி ஏதாவது செய்தால் கல்யாணத்துக்கே வர முடியாமல் படுக்கையில் கிடப்பேன் என்றார். உடைந்த முனை நுரையீரலில் குத்தினால் என்ன ஆகும் என்றும் சொன்னார். அதை நான் எழுதப்போவதில்லை.

வீட்டு வாசலில் கோமதி ஜம்புவிடம், "நீங்கதான் உட்காரணும். முடிவாச்சு. இவரைக் கேட்க வேண்டாம்," என்றாள்.

ஜம்பு என் முகத்தைப் பார்த்தான். நான் எதிர்வீட்டு மாமரத்தைப் பார்த்தேன். நன்றாகப் பூத்திருக்கிறது.

ஜனவரி 30

ஜம்புவுக்கு மயில்கண் வேஷ்டி வாங்கியிருக்கிறார்கள். எனக்கும் அதேதான். ஆனால் அவனுக்குக் கரை கொஞ்சம் அகலம். ஒரு விரல் வைத்து அளந்து பார்த்தேன். அளந்ததைக் கோமதி பார்த்துவிட்டாள்.

பிப்ரவரி 1

ஒரு மனுஷனுக்கு எலும்பு உடையலாம், அல்லது பொறாமை வரலாம். இரண்டும் ஒரே சமயத்தில் கூடாது. பெருமூச்சு விட்டால்கூட வலிக்கிறது.

அகிலா இன்றும் ஏழு மணிக்குக் கிளம்பிவிட்டாள். மாப்பிள்ளை ஹரீஷ் புனேயிலிருந்து போன் பண்ணி, "மாமா, உடம்பு எப்படி இருக்கு?" என்றான். என்னிடமிருந்து அவளை நிஜமாகவே கூட்டிக்கொண்டு போகப்போகிறவன் இவன். இவன்மேல் எனக்குக் கடுகளவும் பொறாமை வரவில்லை. நல்ல பையன் என்று தோன்றுகிறது. என் பொறாமை முழுவதும் ஜம்புவுக்கென்றே ரிசர்வ் ஆகியிருக்கிறது போலிருக்கிறது.

பிப்ரவரி 2

உளவு பார்க்கப் போனேன். இதற்கு வேறு மரியாதையான வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

டாக்டரம்மா கொடுத்த இடுப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். "மேடு பள்ளம் பாத்து ஓட்டுப்பா, உள்ள பீங்கான் இருக்கு," என்றேன். ஜம்பு வீடு திருவானைக்கோவிலில், தரைத்தளம். கூடத்து ஜன்னல் திறந்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றேன்.

கூடத்தின் நடுவில் ஒரு ஸ்டூல். ஸ்டூலின் மேல் பொரிக்காத அப்பளம் நாலைந்து பரப்பியிருந்தது. அதன்மேல் அகிலா உட்கார்ந்திருந்தாள். உட்காரவில்லை. உட்கார்ந்த மாதிரி, முழங்காலை மடக்கி, அந்தரத்தில் நின்றாள். தலைப்பு அப்பளத்தில் பட்டும் படாமலும் இருந்தது. தொடை இரண்டும் வெடவெடவென்று நடுங்கியது. முகம் சிவந்து கிடந்தது.

ஜம்பு எதிரே நின்று கத்தினான். "இறங்காதே! இறங்காதே! அப்பளம்னு நினைக்காதே, அண்ணா எலும்புன்னு நினைச்சுக்கோ!"

"முடியலை சித்தப்பா!"

"மாப்பிள்ளையோட அக்கா ரெண்டு முடிச்சுப் போடணும். அவ நிதானமாப் போடுவா. நில்லு!"

சடசடவென்று சத்தம். அகிலா அப்பளத்தின்மேல் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

உள்ளேயிருந்து கௌசல்யா, "மூணு வாரமா இந்த ஆத்துல தினம் அப்பளக் குழம்பு! இன்னிக்காவது ஒரு காய் நறுக்கலாம்னு பார்த்தேன்," என்றாள்.

"நேத்திக்கு நாலு அப்பளம் உடைஞ்சது, இன்னிக்கு மூணுதான்," என்று அகிலா மூச்சு வாங்கினாள். "சித்தப்பா, அப்பாட்ட சொல்லிடலாமே. மூஞ்சியைத் தூக்கி வெச்சுண்டிருக்கார்."

"இப்ப வேண்டாம். நீ நிக்கறேன்னு நிச்சயமானா டாக்டர்ட்ட நான் பேசறேன். ஆசை காட்டிட்டு முடியலைன்னா அண்ணா தாங்க மாட்டான்."

"உங்களுக்கு ஆசை இல்லையா?"

ஜம்பு குனிந்து அப்பளத் துண்டுகளைப் பொறுக்கினான். ரொம்ப நேரம் பொறுக்கினான்.

"எனக்கென்ன," என்றான். "உன் அப்பா உட்கார்ந்தா அழகா இருக்கும்."

நான் மணி அடிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிவிட்டேன். ஆட்டோவில் வரும்போது நியாயமாக எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும், அல்லது அழுகை. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் வந்தன. ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே வந்தது பொறாமைதான். போன தடவையைவிட அதிகம். தெம்பும் அவனுக்கு, நுரையீரலும் அவனுக்கு, இப்போது நல்ல மனசும் அவனுக்கே. எனக்கென்று ஒரு குணத்தையாவது விட்டு வைத்திருக்கக் கூடாதா?

பிப்ரவரி 3

ஜம்பு சாயங்காலம் வந்தான். என்னை டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்றான். "எதுக்கு?" என்று தெரியாத மாதிரி கேட்டேன். அப்பளக் கதையை முதலிலிருந்து சொன்னான். நான் ஆச்சரியப்பட்டேன். நன்றாகவே ஆச்சரியப்பட்டேன். அத்தனை சினிமாவுக்கு டிக்கெட் கொடுத்தது வீண்போகவில்லை.

டாக்டரம்மா அகிலாவை அறையின் நடுவில் அந்தரத்தில் உட்காரச் சொல்லிப் பார்த்தார். நர்ஸ்கள் வாசலில் கூடிவிட்டார்கள். அகிலா நின்றாள். வேண்டிய நேரத்தையும் தாண்டி நின்றாள். டாக்டரம்மாவே "போதும், போதும்" என்று எழுந்துவிட்டார்.

நிபந்தனைகள்: பட்டை கட்டிக்கொள்ள வேண்டும், பின்னால் யாராவது முதுகுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும், பெண் நெஞ்சில் சாயக் கூடாது, மடியில் பாரம் போடக் கூடாது.

"பாரம் போடாம மடியில உட்கார்றதுன்னா, அது உட்கார்றதா மேடம்?" என்றேன்.

"சார், நீங்க பேசாம இருங்க," என்றார்.

பிப்ரவரி 5

இதை யோசித்து எழுதுகிறேன். மடி எனக்கு வந்துவிட்டது. அப்படியானால் ஜம்புவுக்கு?

கோவில் பக்கம் நடந்து போய் வாத்தியாரைப் பார்த்தேன். "மாமா, தாரை வார்க்கறதை ஜம்புவும் கௌசல்யாவும் பண்ணட்டும். தாலி கட்டறச்சே மட்டும் பொண்ணு என் மடில உட்காரட்டும். இப்படிப் பிரிக்கலாமா?"

கனபாடிகள் வெற்றிலையை மென்றுகொண்டு என்னைப் பார்த்தார். "ஓய், இதென்ன சினிமாவா? இன்டர்வெலுக்கு முன்னால ஒரு ஹீரோ, அப்புறம் ஒரு ஹீரோவா?"

"முடியுமா முடியாதா?"

"தானம் பண்றவாளுக்குத்தான் பலன். அது தெரியுமோன்னோ? மடிக்குன்னு தனிப் பலன் ஒண்ணும் கிடையாது."

"தெரியும். புண்ணியம் அவனுக்கு இருக்கட்டும். கனம் எனக்கு."

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். பிறகு, "பண்ணிடலாம்," என்றார்.

கெட்டிக்காரத்தனமாகப் பங்கு பிரித்துவிட்டேன் என்று வீட்டுக்கு வந்தால் கோமதி அடுக்களையில் பாத்திரத்தை உருட்டினாள். வாத்தியார் அதற்குள் போன் பண்ணிவிட்டார்.

"தாரை வார்க்கறச்சே ஜலம் விடறது அம்மா. அந்த அம்மா யாரு? என்னை ஒரு வார்த்தை கேட்டேளா?"

கேட்கவில்லை. என் மடியைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்ததில், பெண்ணுக்கு அம்மா என்று ஒருத்தி இருப்பது மறந்துபோனது. அன்று ஜன்னலண்டையில் முழுசாக வராத வெட்கம் இன்று வந்தது. நின்றபடியே இருந்தேன்.

குழம்பைக் கிளறியபடி அவளே, "நான் சுமந்து பெத்தவ. எனக்கு ஒரு கிண்டி ஜலத்துலயா வந்துடப்போறது? கௌசல்யா விடட்டும்," என்றாள். பிறகு, "ஆனா கேட்டிருக்கணும்," என்றாள்.

"கேட்டிருக்கணும்."

"எறும்பு வரதாம், எறும்பு," என்று சொல்லிக்கொண்டே குழம்பை இறக்கினாள்.

பிப்ரவரி 8

மாப்பிள்ளை அழைப்பு. மண்டபத்தில் எல்லோரும் என்னை நாற்காலியை விட்டு எழக் கூடாது என்கிறார்கள். வந்தவர்கள் எல்லோரும் என் உடம்பை விசாரித்துவிட்டு ஜம்புவோடு பேசப் போகிறார்கள்.

பிப்ரவரி 10

நேற்று எழுத முடியவில்லை. நேற்றைப் பற்றி இன்று.

முதலில் தாரை வார்த்தது. ஜம்பு மாப்பிள்ளையின் கையில் அகிலாவின் கையை வைத்துப் பிடித்தான். கௌசல்யா கிண்டியிலிருந்து ஜலம் விட்டாள். பாதி ஜலம் கனபாடிகள் மடியில் விழுந்தது. ஜம்பு மந்திரம் சொல்லும்போது அவன் குரல் இரண்டு தரம் நின்றுபோனது. பேரை, கோத்திரத்தைச் சொல்லி 'என் பெண்ணான இவளை' என்று சொல்கிற இடம். நான்தான் கொடுத்தேன், நானே பங்கு பிரித்தேன். இருந்தாலும் அந்த இடம் வந்தபோது நெஞ்சுக்குள் ஒன்று சுருக்கென்றது. விலா எலும்பு இல்லை. அதற்குப் பின்னால் இருப்பது.

பிறகு கூறைப்புடவை கட்டிக்கொண்டு அகிலா வந்தாள். என்னை ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். வேஷ்டிக்கு மேலே பட்டை. "ஒட்டியாணம் பொண்ணுக்கா, அப்பாவுக்கா?" என்று யாரோ சிரித்தார்கள். ஜம்பு எனக்குப் பின்னால் மண்டியிட்டு, தன் நெஞ்சை என் முதுகுக்கு முட்டுக் கொடுத்தான். அவன் மூச்சு என் பிடரியில் பட்டது.

"அண்ணா, நிமிராதே. என்மேல சாஞ்சுக்கோ."

"சாஞ்சுண்டுதான் இருக்கேன்."

அகிலா வந்து உட்கார்ந்தாள். பட்டுப் புடவையின் சரசரப்பு மடியில் பட்டது. மல்லிகை வாசனை மூக்கில் ஏறியது. தும்மல் வந்துவிடுமோ என்று பல்லைக் கடித்தேன். எல்லாம் இருந்தது. கனம் மட்டும் இல்லை. பார்க்கிறவர்களுக்கு என் பெண் என் மடியில் இருந்தாள். எனக்கு மட்டும் தெரியும், மடியில் யாரும் இல்லை.

ஹரீஷ் முதல் முடிச்சுப் போட்டான். கெட்டிமேளம். அட்சதை. மீதி முடிச்சுக்கு அவன் அக்கா வந்தாள். வளையலில் அகிலாவின் மாலை மாட்டிக்கொண்டது. எடுத்தாள், மறுபடியும் மாட்டிக்கொண்டது. அகிலாவின் கால் நடுங்க ஆரம்பித்தது. அந்த நடுக்கம் என் தொடைக்கு வந்தது.

அவள் காதில், "உட்காருடி," என்றேன்.

"உஷ். சும்மா இருப்பா."

"ஒரே நிமிஷம். அப்பா சொல்றேன்."

"முடியாது போ."

பின்னாலிருந்து ஜம்பு, "அண்ணா!" என்றான். அவனுக்குத் தெரிந்துவிட்டது. நான் இரண்டு கையாலும் அவள் இடுப்பைப் பிடித்துக் கீழே இழுத்தேன்.

வந்தாள். முழுசாக வந்து உட்கார்ந்தாள். மூன்று மூட்டை என்று எழுதியிருந்தேன், அது தப்பு. அரிசி அசையாது. இது மூச்சு விட்டது. நடுங்கியது, பிறகு மெல்ல நடுக்கம் அடங்கியது. முதுகை மட்டும் நெஞ்சில் சாய்க்காமல் விறைப்பாக வைத்துக்கொண்டாள். அவ்வளவு ஜாக்கிரதை. கடைசி முடிச்சு விழும் வரை அப்படியே இருந்தோம். அவள் பாரம் என்மேல், என் பாரம் ஜம்பு மேல்.

டிக் என்று சத்தம் வந்ததா என்று கேட்டால், கெட்டிமேளத்தில் எனக்குக் கேட்கவில்லை.

போட்டோக்காரர் சாயங்காலம் படத்தைக் காட்டினார். அகிலாவின் மாலையில் என் முகம் முழுக்க மறைந்துவிட்டது. நான் இருப்பதற்கு அடையாளமாக அவள் இடுப்பில் என் இரண்டு கை மட்டும் தெரிகிறது. அதற்கு மேலே ஜம்புவின் முகம் பளிச்சென்று, கண்ணில் ஜலத்தோடு. பார்க்கிறவர்கள் அவன் மடியில்தான் பெண் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைப்பார்கள். இந்தப் படத்தைத்தான் பெரிதாக்கி மாட்டப்போகிறார்களாம்.

வலி இல்லை.

பிப்ரவரி 13

அகிலா நேற்று புனே போய்ச் சேர்ந்துவிட்டாள். எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஜம்பு வந்து சொன்னான்.

"வீடு நன்னா இருக்காம் அண்ணா. குளிர்தான் ஜாஸ்தியாம். காத்தாலேயே பேசினா."

"யார்கிட்ட?"

"என்கிட்டதான்."

நான் பேப்பரை மடித்தேன். "எனக்கு இன்னும் பேசலையே."

"உன்னைப் பத்தித்தான் அவ்வளவு நேரமும் கேட்டா. எழுந்திருக்கறச்சே முகத்தைச் சுளிக்கறாரா, எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கறார், கையைத் தூக்கிச் சட்டை போட்டுக்கறாரா, எல்லாம்."

"அதை என்கிட்டயே கேட்க வேண்டியதுதானே? பெத்த அப்பன் இங்க இருக்கேன்!"

"உன்கிட்ட கேட்டா என்ன சொல்லுவே?"

"ஒண்ணும் இல்லைன்னு சொல்லுவேன்."

"அதான்," என்றான் ஜம்பு.

உள்ளேயிருந்து கோமதி, "டைரியிலயே அப்படித்தான் எழுதறார்," என்றாள்.

அவள் எப்போது இதைப் படித்தாள் என்பதை அப்புறம் விசாரிக்க வேண்டும்.

ஜம்பு போன பிறகு உட்கார்ந்து யோசித்தேன். புனே எங்கே, திருச்சி எங்கே. இனி அவளுக்கு என்னைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் யாராவது உள்ளதைச் சொல்ல வேண்டும். அதை ஜம்பு சொன்னால் முதல் போன் என்றைக்கும் ஜம்புவுக்குத்தான். நான் பொய் சொல்லுகிற வரைக்கும் அவன்தான் எனக்கு கவுண்ட்டர்.

நானே கூப்பிட்டேன்.

"அப்பா? என்னப்பா?"

"வலிக்கிறதுடி," என்றேன்.

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. உட்கார்ந்துகொண்டாள் போலிருக்கிறது.

"எங்கப்பா வலிக்கிறது? மெதுவாச் சொல்லு. எல்லாத்தையும் சொல்லு."

சொன்னேன். முறிந்த இடத்தைச் சொன்னேன், முறிந்திருக்குமோ என்று சந்தேகப்படுகிற இடத்தையும் சொன்னேன். நாலு நாளாகப் படுக்காமல் உட்கார்ந்தே தூங்குவதைச் சொன்னேன். பயமாக இருக்கிறது என்பதையும் சொல்லிவிட்டேன். அவள் திட்டினாள், நடுவில் அழுதாள். நாளைக்கே டாக்டரம்மாவிடம் போகிறேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

பேசிக்கொண்டிருக்கும்போதே காதில் டொக் டொக் என்று இன்னொரு அழைப்பு வந்துகொண்டே இருந்தது. எடுத்துப் பார்த்தேன், ஜம்பு.

காத்திருக்கட்டும்.